வளையல் கழற்றும் சத்தம்

எங்கள் வீட்டில் அடி விழப்போகிறது என்பதை நான் வளையல் சத்தத்தில்தான் தெரிந்துகொள்வேன். வளையல் உடைகிற சத்தம் இல்லை. அம்மா தன் கையிலிருக்கும் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிற சத்தம். மெதுவாக, நிதானமாகக் கேட்கும். அதைக் கேட்டதும் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போன நாட்களும் உண்டு.

சுமங்கலி கையில் கண்ணாடி வளையல் உடைந்தால் கட்டியவனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. அம்மா உடைந்தது என்று வாயால் சொல்லக்கூட மாட்டாள். அதனால் நைனா, எங்கள் அப்பா, கையை ஓங்குவதற்கு முன்னால் அவளே கழற்றிப் பத்திரப்படுத்திவிடுவாள். அடிக்கிறவருடைய ஆயுசு குறையக்கூடாதே என்று அடி வாங்கப்போகிறவளுக்கு அவ்வளவு அக்கறை. இப்போது எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வயதில் கோபம் என்று ஒன்று எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

நைனா பஸ் கண்டக்டர். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால், “எழுந்து எடம் குடுப்பா, கொழந்த வெச்சிருக்குது இல்ல” என்று யாரையாவது எழுப்பி அவளை உட்கார வைத்த பிறகுதான் விசில் கொடுப்பார். குடிக்க மாட்டார். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பெண்டாட்டியை அடிப்பவன் என்றால் குடிகாரன் என்று எங்கள் ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. குடிக்காத ஆள் அடிக்கிறார் என்று சொன்னால் சொன்னவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தெருவில் எந்த வீட்டிலாவது சண்டை முற்றினால் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு போய், “பொம்பள மேல கை வெக்கறது ஒரு ஆம்பளத்தனமாடா?” என்று கேட்டுவிட்டு வருவார். வாசலில் நின்று இதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். கோபம் வந்தால் அவர் ரொம்பச் சுத்தமாகிவிடுவார். வாசலில் தாறுமாறாகக் கிடக்கிற எங்கள் செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பார். சட்டையைக் கழற்றி மடித்துக் கொடியில் போடுவார். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். “பாப்பா, டிவிய கொஞ்சம் சத்தமா வையி” என்பார் என்னிடம், நல்ல குரலில். நான் வைப்பேன். தங்கையை மடியில் இழுத்துப்போட்டு அவள் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வேன். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். திரையில் யாரோ சிரித்துக்கொண்டிருப்பார்கள், யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலும் டிவி சத்தம் ஏறும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவாள்.

நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வோம். பள்ளிக்கூடத்தில் சொல்வோம், சொந்தக்காரர்களிடம் சொல்வோம், எங்களுக்குள்ளேயும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

வளர்ந்து ஒரு தனியார் லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று வீட்டில் சொன்னார்கள். வருகிற வரன்களெல்லாம் அதைக் கேட்டுத் திரும்பிப் போவார்கள். பெற்றவர்களுக்குக் கவலை, எனக்கு அந்தச் செவ்வாயைக் கும்பிடலாம் போல இருக்கும். ஒரு ஆணோடு ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. இதை யாரிடம் சொல்வது? தோஷம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

நைனா ஓய்வு பெற்ற பிறகு கை நீள்வது குறைந்தது. சர்க்கரை வந்தது, முட்டி வலி வந்தது. ஆனாலும் அவர் வாசலில் செருப்பை நேராக வைத்தால் இன்றைக்கும் நான் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவேன்.

தங்கைக்கு எங்கள் மாவட்டத்திலேயே, அனந்தபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். சொந்தமாக எலெக்ட்ரிகல் கடை. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது, பையன் குடிக்க மாட்டான். நைனாவுக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு மட்டும் அது உறுத்தியது. ஆனால் குடிக்காதது ஒரு குறையா? அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? தை மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து மாதம் முழுவதும் வைத்துக்கொள்வது வழக்கம். ஆடியில் பிள்ளை தங்கினால் சித்திரை வெயிலில் பிறக்குமாம், அதற்காகப் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைக்கிறார்கள் என்று லேப்பில் கேலி பேசுவோம். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் நல்ல நாள் பார்த்து வந்து பெண்ணைத் திரும்ப அழைத்துப் போவார்கள். தங்கையும் அப்படித்தான் வந்தாள். கை நிறையப் புது வளையல், தலை நிறையப் பூ. வந்த அன்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் மறுநாள் மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கல்யாணக் களைப்பு இன்னும் போகவில்லை என்று அம்மா சிரித்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிவிட்டது.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்கு வீடியோ கால் வரும். புதுசு, பேசட்டும் என்று நாங்கள் எழுந்து போய்விடுவோம். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்ததால் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. தங்கை அதை எடுக்கவில்லை. முதலில் அவள் வலது கை இடது கைக்குப் போனது. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். அவசரமில்லாமல் கழற்றிக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நாலைந்து கழற்றிய பிறகுதான் நின்று, போனை எடுத்து, “சொல்லுங்க” என்றாள். அவன் ஏதோ கேட்டான். அவள் போனைச் சுற்றித் திருப்பி அறை முழுவதையும் காட்டினாள். என்னையும் காட்டினாள். “அக்காதான்... வேற யாரும் இல்ல” என்றாள். நான் சிரித்தபடி கையாட்டினேன்.

என் கையிலிருந்த துணி நனைந்திருந்தது. அவ்வளவு வியர்வை. அனந்தபுரம் எங்கே இருக்கிறது, எங்கள் வீடு எங்கே இருக்கிறது! அங்கிருந்து ஒருத்தன் போன் செய்கிறான், இங்கே இவள் கை தானாக வளையலைக் கழற்றுகிறது.

திரும்பிப் பார்த்தேன். அறை வாசலில் அம்மா டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். டீயை அங்கேயே தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்துத் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. டெஸ்ட் எடுக்கலாம் என்று லேப்புக்கு அழைத்துப் போனேன். மதியம் கூட்டம் இல்லை. சுடிதார் கையை மேலே ஏற்றி ரப்பர் பட்டையைக் கட்டப் போனேன். கையின் உள்பக்கம், ஜாக்கெட் போட்டால் மறைந்துவிடுகிற இடத்தில், விரல்கள் பதிந்த மாதிரி பச்சையும் மஞ்சளுமாகக் கறை. பச்சை மஞ்சளாக மாறியிருந்தால் காயம் பழசு, ஆறிக்கொண்டிருக்கிறது. என் வேலையில் இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான். “கட்டில்ல இடிச்சிக்கினேன்” என்பார்கள். நாங்களும் ஊசியைப் போட்டு ரத்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.

“இன்னாடி இது?” என்றேன்.

“ஒண்ணும் இல்லக்கா.”

“கட்டில்ல இடிச்சிக்கினியா?”

அவள் என்னைப் பார்த்தாள். “கத்த மாட்டாருக்கா” என்றாள். “கதவ சாத்திட்டு போன்ல பாட்டு வெப்பாரு. அப்புறம் நான் வளையல கழட்டி முடிக்கிற வரைக்கும் நிப்பாரு.”

“நிப்பாரா?”

“ம். பேசாம நின்னு பாத்துனு இருப்பாரு. சீக்கிரம் கழட்டுன்னு கூட சொல்ல மாட்டாரு.”

உட்கார்ந்துவிட்டேன். என்னத்துக்குக் கழற்றுகிறாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

“அம்மாதான். நலங்கு வெச்ச அன்னிக்கி, வளையல் போட்டு உடும்போது காதுல சொன்னாங்க. அவரு கோவமா இருந்தா மொதல்ல வளையல கழட்டி ஓரமா வெச்சிடு, கைல இருக்கக் கூடாதுன்னு.”

மஞ்சள் பூசி, பாட்டுப் பாடி, ஊரே சிரித்துக்கொண்டிருந்த நலங்கில் அம்மா மகளுக்குக் கொடுத்த சீர் இது. அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதைப் போய்ப் பெண்ணுக்குப் பக்குவம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். நான் பொத்தி வைத்திருந்த அந்தக் காதுக்குள்ளே.

“நைனாகிட்ட சொல்லாதக்கா” என்றாள் தங்கை. “அவருக்குத் தெரிஞ்சா நான் பேசினேன்னு மாமியா ஊட்டுக்குத் தெரிஞ்சிடும். ஆவணியில நான் அங்கதான போவணும்.”

அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. மலைப்பக்கத்து அனல் இன்னும் அடங்கவில்லை. ஏதோ ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் போல, மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. அம்மா மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்து உரித்தபடி, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டாள், “கழட்டித்தான வெச்சா?”

“இன்னாம்மா?”

“வளையல. கழட்டித்தான வெச்சா?”

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. “ஒம் பொண்ணு கைய பாருன்னா வளையல கேக்கிறியா?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷமே இரண்டு பேரும் ஒன்றாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தோம், நைனா வருகிறாரா என்று. இத்தனை வயதாகி, சம்பாதித்து, நாலு பேர் கையில் ஊசி போடுகிறவள் நான். கீழே ஒரு செருப்பு சத்தம் கேட்டால் குரல் தானாக இறங்குகிறது.

அதன் பிறகு அம்மா பேசவேயில்லை. தங்கை விஷயம் என்றில்லை, எதையுமே பேசவில்லை. சோறு போடுவாள், பாத்திரம் தேய்ப்பாள். போன் அடிக்கிற நேரத்துக்குத் தங்கையிருக்கும் அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். காலண்டரில் ஆடித் தேதிகள் ஒவ்வொன்றாகக் கிழிந்துகொண்டிருந்தன. கிழிப்பது நைனா. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிழித்துவிடுவார். ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது, முதல் முகூர்த்தத்திலேயே வருகிறார்களாம். தங்கை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

இனி தாங்காது என்று ஒருநாள் நைனா முன்னால் போய் நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நைனா, மாப்ள அவள அடிக்கறாரு” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து நாற்காலிக் கையில் வைத்தார். எழுந்தார். தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

என்னால் நகர முடியவில்லை. காதில் எதுவும் விழவில்லை. அப்புறம் ஒரே ஒரு சத்தம் விழுந்தது. திரும்பினேன். அம்மா கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளையலைக் கழற்றி வைத்திருந்தாள். இரண்டாவதைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“தூத்தல் வரும் போல இருக்குது” என்றார் நைனா.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அவர் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். “குடும்பம்னா அப்டி இப்டி இருக்கும்” என்றார், பஸ்ஸில் சில்லறைக்காகச் சண்டை போடுகிறவனைச் சமாதானம் செய்கிற குரலில். “ஊர் சிரிக்கிற மாதிரி பண்ணாதீங்க. வந்தா அனுப்பி வெய்யிங்க. நான் மாப்ளகிட்ட பக்குவமா சொல்றேன்.” அடிக்கவில்லை. யாரையும் தொடக்கூட இல்லை. நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அம்மா அந்த இரண்டு வளையலையும் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

ஆவணி பிறந்தது. அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, தாய்மாமன். பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ். மாப்பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிடாத குறைதான், அவ்வளவு மரியாதை. “அக்கா, லேப்ல வேல ஜாஸ்தியா? எளச்சிட்டீங்களே” என்றான். நல்ல குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

தங்கை புடவை கட்டி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை கட்டி வைத்தாகிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பின்கதவு வழியாகப் போய், பஸ் ஏறி, எங்கே இறங்குவது? செஞ்சியில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நைனாவைத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

கூடத்தில் பேச்சு முடிந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “சரி சம்மந்தி, ராகு காலத்துக்கு முன்னால கெளம்பிடணும். பொண்ண வரச் சொல்லுங்க” என்றது மாப்பிள்ளையின் அம்மா குரல். அம்மா தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவதைப் பார்த்தேன். நாங்களும் பின்னால் போய்க் கதவோரம் நின்றோம்.

அம்மா தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, “அனுப்பல” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. தாய்மாமன்தான் சிரித்துக்கொண்டே, “இன்னாம்மா, நாள் சரியில்லியா?” என்று கேட்டார்.

“நாள் நல்லாத்தான் இருக்குது. ஒங்க புள்ள எம் பொண்ண அடிக்கறாரு. அதனால அனுப்பல.”

தட்டு அவள் கையில் ஆடியது. வெற்றிலை சரிந்தது. நைனா, “உள்ள போ” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நான் தங்கையின் கையை இறுக்கினேன். அம்மா போகவில்லை.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாதான் பேசினாள். கோபம்கூட இல்லை, பச்சைக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “இன்னா சம்மந்தி இப்டி பேசறீங்க? அவன் குடிக்கிறானா, கூத்தடிக்கிறானா? எதனா ஒரு கோவத்துல கை பட்டிருக்கும். அத்த போய் சபையில சொல்லிக்கினு. ஒங்க ஊட்ல எப்டி வாழ்ந்தீங்க? இதோ ஒக்காந்திருக்காரே, தங்கமான மனுஷன். ஊருக்கே நாயம் சொல்றவரு. அவரு ஒங்க மேல கை வெச்சதே இல்லன்னா, எங்க புள்ள செஞ்சது தப்புதான். நான் கால்ல உழுந்து மன்னிப்பு கேட்டுட்டு போறேன். சொல்லுங்க.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நைனாவும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் போதும், வீட்டு மானம் தப்பிவிடும், அந்தப் பொம்பளை மன்னிப்புக் கேட்டுவிட்டு மருமகளை அழைத்துப் போய்விடுவாள். மன்னிப்பு கேட்ட பிறகு அனுப்பாமல் இருக்க முடியுமா? ஆமாம் என்று சொன்னால் இந்த வீட்டில் இதுவரை யாருமே சொல்லாததைச் சொல்லியாக வேண்டும், அவர் உட்கார்ந்திருக்கும்போதே. அம்மா இல்லை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன்.

“வெச்சிருக்காரு” என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“கல்யாணம் ஆனதுல இருந்து அடிச்சாரு. ஜன்னல சாத்திட்டு அடிப்பாரு. பெரியவ டிவிய சத்தமா வெப்பா. அடி வாங்கறதுக்கு முன்னால நான் வளையல கழட்டி வெச்சிடுவேன், அவருக்கு ஒண்ணும் ஆவக் கூடாதேன்னு. அத்தயே எம் பொண்ணுக்கும் சொல்லி அனுப்பினேன். ஒங்க புள்ள அது கழட்டற வரைக்கும் நின்னு பாக்கறாராம்.” அம்மா தட்டைத் தரையில் வைத்தாள். கையை நீட்டிக் காட்டினாள். “இனிமே கழட்ட மாட்டா. நானும் கழட்ட மாட்டேன். ஒடஞ்சா ஒடையட்டும்.”

உடையட்டும் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று தன் வளையல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தாய்மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “இப்டி ஊட்ல பொண்ணு எடுத்தோம் பாரு” என்றார்.

அவர்கள் கிளம்பினார்கள். பூவையும் பழத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை கடைசியாக எழுந்தான். கதவோரம் நின்ற தங்கையைப் பார்த்துச் சிரித்தான். “போன மட்டும் எடு” என்றான், மெதுவாக. அவள் கை என் கைக்குள் குளிர்ந்துபோனது.

தங்கை போகவில்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில்தான் தூங்குகிறாள். மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன் நம்பரை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தெருவில் புது பைக் சத்தம் கேட்டால் மூன்று பேரும் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். பேசிவிட்டால் பயம் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பு வீட்டுக்குள் மட்டும் இருந்தது, இப்போது தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் அவர்கள் போன மறுநாள் வந்து, கீரை எதுவும் கொண்டுவராமல், அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

அந்தக் காலைப்பொழுதில் அவர்கள் போன பிறகு நைனா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டொருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கூடத்தின் இந்தக் கோடியில் நின்றோம். அவர் எழுந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். நான் நடுவில் போய் நிற்பேனா, இல்லை உறைந்துவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை முட்டியின் மேல் இருந்தன.

அவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். குரல் கம்மியிருந்தது.

“இனிமே இந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் எப்டி வெளிய போவேன்?” என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பயந்துகொண்டுதான் சொன்னாள், எனக்குத் தெரியும், புடவைத் தலைப்பை அவள் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன.

“நான் போவலியா? மறுநாளு காலையில தண்ணி எடுக்க, ரேஷனுக்கு, கோயிலுக்கு. இந்த மூஞ்ச வெச்சிக்கினு இத்தன வருஷமா நான் போவலியா?”